காத்தான்குடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இரண்டாம் நாளே காத்தான்குடியைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். 2019 ஈஸ்டர் குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு கேள்விகள் கூடிவிட்டன, கேட்கும் குரலும் மாறிவிட்டது. எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர் அது. கேள்விகள் எனக்குப் பழக்கமானவை. பதில்களைச் சுருக்காமல் சொல்ல வேண்டும் என்ற ஆதங்கம் கொஞ்ச நாளாகவே உண்டு.

காத்தான்குடி எங்கே இருக்கிறது?

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில், தெற்கே 5, 6 கிலோமீட்டர் தூரத்தில். கல்லடிப் பாலம் தாண்டி நாவற்குடா, மஞ்சந்தொடுவாய் என்று போனால் அடுத்தது காத்தான்குடி. அதைக் கடந்தால் ஆரையம்பதி. கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே மட்டக்களப்பு வாவி. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இந்த நீண்ட மணல் திட்டை எழுவான்கரை என்போம். வாவிக்கு அக்கரை படுவான்கரை, வயல் நிலம். இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

ஏன் அங்கே வீடுகள் இவ்வளவு நெருக்கம்?

ஏழு சதுர கிலோமீட்டருக்குள் 40,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். நாட்டிலேயே மிக நெருக்கமான இடங்களில் ஒன்று. கடலும் வாவியும் இரண்டு பக்கம் அடைக்கின்றன, மற்ற இரண்டு பக்கம் தமிழ்க் கிராமங்கள். ஊர் விரிய இடம் இல்லை. காணி பேர்ச் என்ற சின்ன அளவுக் கணக்கில்தான் விலை பேசப்படும். பத்துப் பேர்ச் வைத்திருப்பவர் வசதிக்காரர்.

இன்னொரு காரணம் கல்யாண முறை. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடமும் மட்டக்களப்புத் தமிழர்களிடமும் தாய்வழி குடி (குல) முறை உண்டு. பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேருவார். ஒரு உம்மாவுக்கு மூன்று பெண் பிள்ளைகள் என்றால் அவர் வளவு மூன்றாகிறது: முன்னால் மூத்த மகள், பின்னால் நடுவிலாள், இரண்டுக்கும் நடுவே ஒரு சைக்கிள் போகுமளவு ஒழுங்கை. அடுத்த தலைமுறையில் இடம் இல்லாமல் மாடி எழும்பும். உள் ஒழுங்கைகளில் நடந்தால் ஒரு வீட்டுக் குசினி வாசம் மூன்று வீட்டுக்குப் போகும். அக்கா தங்கைகள் வாழ்நாள் முழுக்க அருகருகே இருப்பதால் பிள்ளைகள் எந்த வீட்டில் சாப்பிட்டார்கள், எந்த வீட்டில் தூங்கினார்கள் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை.

இதற்கான விலையை வாப்பாவும் ஆண் பிள்ளைகளும் கட்டுகிறார்கள். கத்தாரிலும் சவூதியிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்து தங்கச்சிக்கு வீட்டைக் கட்டி முடித்த பிறகுதான் தன் கல்யாணத்தை நினைக்கும் நானாமார் (அண்ணன்மார்) எத்தனையோ பேர். சீதனம் மார்க்கத்துக்கு விரோதம் என்று பல மௌலவிமார் மேடை போட்டுச் சொல்லியும் வீடு கொடுக்கும் வழக்கம் அசையவில்லை. அரபு நாட்டிலிருந்து வந்த புத்தகம் ஊரின் பல பழக்கங்களை மாற்றியிருக்கிறது. இதை அதனால் தொட முடியவில்லை.

அங்கே அரபு பேசுவார்களா?

இல்லை. வீட்டிலும் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் தமிழ்தான். வெள்ளிக்கிழமைக் குத்பா பிரசங்கமும் தமிழில்தான் கேட்கலாம். "மறுகா (பிறகு) என்ன?" என்று ஒருவர் கேட்டால் அவர் மட்டக்களப்பார் என்று தெரியும், தமிழரா முஸ்லிமா என்று தெரியாது.

பேரீச்ச மரமும் கறுப்பு அபாயாவும் எப்போது வந்தன?

பிரதான வீதியின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்கள் போருக்குப் பிந்தைய அழகுபடுத்தல். வருகிறவர்கள் முதலில் படம் எடுப்பது அதைத்தான், "குட்டி அரேபியா" என்று தலைப்புப் போடுவதும் அதைப் பார்த்துத்தான். அரபு எழுத்தில் இருந்த பெயர்ப்பலகைகள் பல 2019க்குப் பிறகு அகற்றப்பட்டன. மரங்கள் நிற்கின்றன.

உடை விஷயம் அதைவிடப் பழையது. இன்று அறுபது, எழுபது வயதாகும் பெண்கள் தங்கள் இளமையில் சேலை உடுத்து, அதே முந்தானையால் முக்காடு போட்டவர்கள். 1980களிலிருந்து அபாயா மெல்ல வந்தது, 1990களில் பரவியது, பின்னர் முகத்தை மூடும் நிகாபும் சேர்ந்தது. வளைகுடா நாடுகளில் பணிப்பெண்ணாகவும் சாரதியாகவும் போய் வந்தவர்கள் கொண்டு வந்தது ஒரு பங்கு. மதீனாவில் படித்துத் திரும்பியவர்களும், ஏக இறைக் கொள்கையைக் கடுமையாகப் பேசும் தவ்ஹீத் அமைப்புகளும் சொல்லிக் கொடுத்தது இன்னொரு பங்கு. மூன்றாவது பங்கு யுத்தம். அதை வெளியார் யாரும் கேட்பதில்லை. ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் பயம் இருந்த காலத்தில், தாங்கள் யார் என்பதை உடம்பிலேயே எழுதிக்கொள்ளும் எண்ணம் வந்தது என்பது என் கருத்து. வளைகுடாப் பணம் வந்த ஊர் இலங்கையில் எத்தனையோ உண்டு. எல்லாம் காத்தான்குடி போல ஆகவில்லையே.

ஊர் முழுக்க ஒரே கொள்கைதானா?

வெளியிலிருந்து பார்ப்பவர்களின் பெரிய தவறு இங்கேதான். 60க்கு மேல் பள்ளிவாயல்கள் உள்ள ஊர், எல்லோரும் ஐந்து வேளை தொழுகிறார்கள், ஆகவே எல்லோரும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். சரி, ஒரு சந்தியில் நின்று கேட்டுப் பாருங்கள். குருவின் வழி நடக்கும் சூபித் தரீக்காக்காரர்கள், தப்லீக் ஜமாஅத், ஜமாஅத்தே இஸ்லாமி, தங்களுக்குள்ளேயே பல கிளைகளான தவ்ஹீத் அமைப்புகள், இவை எதிலும் சேராமல் வாப்பா தொழுத பள்ளியில் தொழுதுவிட்டுக் கடைக்குப் போகும் பெரும்பான்மை. இவர்களுக்குள் நடந்த சண்டை நாற்பது வருடக் கதை.

1979இல் மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா, காத்தான்குடியின் ரவூப் மௌலவியும் அவரைப் பின்பற்றுவோரும் மார்க்கத்தை விட்டு வெளியேறியவர்கள் என்று பத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தது. இருப்பதெல்லாம் இறைவனே என்ற பொருளில் அவர் பேசிய சூபித் தத்துவமே காரணம். பத்வா அவரை ஊரிலிருந்து அகற்றவில்லை. பத்ரிய்யா பள்ளிவாயலைச் சுற்றி அவருக்கு ஆயிரக்கணக்கான ஆதரவாளர்கள் இருந்தார்கள்.

பயில்வான் என்று அழைக்கப்பட்ட அப்துல்லாஹ் இன்னொரு சூபி குரு, வேறு வழி. 2004இல் அவருடைய ஆட்களின் வீடுகளும் இடங்களும் தாக்கப்பட்டன. 2006 டிசம்பரில் அவர் இறந்து ஊரில் அடக்கம் செய்யப்பட்டபோது நடந்தது அதைவிடக் கொடுமை. அவருடைய தியான நிலையத்தின் மினாரா இடிக்கப்பட்டது, வீடுகள் எரிந்தன, புதைத்த மையித்தே (உடலே) தோண்டி எடுக்கப்பட்டது. மையித்தைக் குளிப்பாட்டுவதிலும் கபுறில் இறக்குவதிலும் இவ்வளவு மரியாதை காட்டும் ஒரு சமூகத்தில் இது நடந்தது. தெருவில் கூட்டமாக இறங்கியவர்களைக் கடைசிவரை யாரும் சரியாகத் தண்டிக்கவில்லை. அதன் விளைவை நாடே பிறகு அனுபவித்தது.

1990இல் என்ன நடந்தது?

1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. இரவு இஷாத் தொழுகை நேரம். மீரா ஜும்ஆப் பள்ளிவாயலுக்குள்ளும் ஹுஸைனியாப் பள்ளிவாயலுக்குள்ளும் ஆயுததாரிகள் புகுந்து, தொழுதுகொண்டிருந்தவர்களை முதுகுப் பக்கமிருந்து சுட்டார்கள். ஆண்களும் சிறுவர்களும் இறந்தார்கள். ஊர் நினைவுகூரும் எண்ணிக்கை 103. 140க்கு மேல் என்று சொல்லும் பதிவுகளும் உண்டு. விடுதலைப் புலிகள் பொறுப்பை மறுத்தார்கள். உயிர் தப்பியவர்களும் மனித உரிமை அமைப்புகளும் அவர்கள்தான் என்று சொல்வதில் மாற்றமில்லை. எனக்கும் அதில் ஐயமில்லை.

அதற்கு மூன்று வாரம் முன்னால், ஜூலை 12இல், கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்கு வந்துகொண்டிருந்தவர்கள் குருக்கள்மடத்தில் வழிமறித்துக் கொல்லப்பட்டார்கள். ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். உடல்கள் வீட்டுக்கு வரவில்லை. அந்த இடத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கை 2014இல் நீதிமன்றத்துக்குப் போனது.

மீராப் பள்ளியின் சுவரில் துப்பாக்கிச் சன்னம் துளைத்த ஓட்டைகளைப் பூசாமல் விட்டிருக்கிறார்கள். ஓட்டைகள் நெஞ்சு உயரத்துக்குக் கீழே, தாழ்வாக இருக்கின்றன. சுடப்பட்டவர்கள் நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதில் இருந்தவர்கள். ஒவ்வொரு ஆகஸ்ட் 3ஆம் திகதியும் ஷுஹதாக்கள் (தியாகிகள்) தினம் என்று கடைகள் பூட்டப்பட்டு, குர்ஆன் ஓதி, துஆக் கேட்கப்படுகிறது.

அந்த ஆண்டு ஊரின் பொருளாதாரமும் முறிந்தது. காத்தான்குடிக்காரர்களுக்குப் படுவான்கரையில் வயலும் மாட்டுப் பட்டியும் இருந்தன. சைக்கிளில் சீத்தைத் துணி கட்டிக்கொண்டு போய் விற்று, நெல் வாங்கி வந்த வியாபாரிகள் இருந்தார்கள். 1990க்குப் பிறகு அக்கரைக்குப் போக முடியவில்லை. வெளியே இருந்த முஸ்லிம் குடும்பங்கள் பாதுகாப்புத் தேடி ஊருக்குள் வந்தன. மேலே சொன்ன நெருக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழர்களுக்கு எதுவும் நடக்கவில்லையா?

நடந்தது. 1990 ஆகஸ்ட் 12இல் அம்பாறை மாவட்டத்து வீரமுனையில் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். முஸ்லிம் ஊர்காவற்படையினர் அதில் இருந்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொல்கிறார்கள். ஊர்காவற்படைக்கு ஆயுதம் கொடுத்தது அரசாங்கம். தமிழ்க் கிராமங்கள் சில வெறுமையாகின. ஆரையம்பதிப் பக்கத்து மக்களும் அந்த மாதங்களைப் பயத்தோடுதான் கழித்தார்கள்.

ஒரு கொலையைச் சொல்லும்போது மற்றக் கொலையை எடுத்து முன்னால் வைப்பது எங்கள் பகுதியின் கெட்ட பழக்கம். காத்தான்குடியில் தொழுதுகொண்டிருந்த சிறுவன் வீரமுனைக்குப் பொறுப்பில்லை. வீரமுனைக் கோயிலில் ஒதுங்கியிருந்த தாய் காத்தான்குடிக்குப் பொறுப்பில்லை. இரண்டு பக்கமும் தங்கள் இறந்தவர்களின் பெயரைச் சொல்லிக் கேட்கும் உரிமை உடையவர்கள்.

இப்போது இரண்டு சமூகத்துக்கும் உறவு எப்படி?

சந்தையில் நல்ல உறவு, காணியில் கெட்ட உறவு. மட்டக்களப்பு நகரில் கடை வைத்திருக்கும் காத்தான்குடிக்காரர்கள் ஏராளம். சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி என்று வந்தால் தமிழ்க் குடும்பங்கள் உடுப்பு எடுக்கக் காத்தான்குடிக்குத்தான் போகும். மொத்த விலைக்குச் சாமான் எடுக்கும் சின்னக் கடைக்காரர்களும் அங்கேதான் போவார்கள். ஆரையம்பதி மேசன்மார் காத்தான்குடியில் வீடு கட்டுகிறார்கள். எல்லைக் காணி என்று வந்துவிட்டால் பேச்சு மாறும். எந்த ஒழுங்கை யாருடைய பிரதேசம் என்பதில் வழக்கும் ஆர்ப்பாட்டமும் வரும். தேர்தல் காலத்தில் இரு பக்கத்து அரசியல்வாதிகளும் இதைத்தான் ஊதிவிடுவார்கள்.

ஈஸ்டர் தாக்குதலுக்கும் ஊருக்கும் என்ன தொடர்பு?

2019 ஏப்ரல் 21 தாக்குதலைத் தலைமை தாங்கி நடத்திய ஸஹ்ரான் ஹாஷிம் காத்தான்குடியில் பிறந்தவர். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டை வெடிக்க வைத்தவரும் இந்த ஊர்தான். மூன்று தேவாலயங்கள், மூன்று ஹோட்டல்கள், மொத்தம் 270 பேரளவில் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் கணிசமானோர் சிறுவர்கள், ஞாயிறு வகுப்பு முடித்து வந்தவர்கள். எங்கள் நகரம் அதை மறக்காது, மறக்கவும் கூடாது.

அதே மூச்சில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஸஹ்ரானைப் பற்றி முதலில் எச்சரித்ததும் காத்தான்குடிதான். படித்துக்கொண்டிருந்த அரபுக் கல்லூரி அவரை வெளியேற்றியது. பிறகு அவர் தேசிய தவ்ஹீத் ஜமாஅத் என்று சொந்த அமைப்புத் தொடங்கினார். 2017 மார்ச் 10இல் அலியார் சந்தியில் அவருடைய ஆட்களுக்கும் ரவூப் மௌலவியின் ஆதரவாளர்களுக்கும் மோதல் நடந்தது, வாள்களும் வந்தன. சூபித் தரப்பினர் பொலிசுக்கு முறைப்பாடு கொடுத்தார்கள், ஊர்வலம் போனார்கள், அவரைப் பிடியுங்கள் என்று பதாகை பிடித்தார்கள். பலர் கைதானார்கள், ஸஹ்ரான் தலைமறைவானார். அவர் தொடங்கிய அமைப்பே அவரை விலக்கியது. பிடியாணை இருந்தும் இரண்டு வருடம் பிடிபடவில்லை. இதெல்லாம் பாராளுமன்றத் தெரிவுக்குழு முன்னாலும் ஆணைக்குழு முன்னாலும் சாட்சியமாகச் சொல்லப்பட்டது.

ஆக, கேள்வி கேட்க வேண்டிய இடம் எது? கடும் மார்க்கப் பற்றுள்ள ஊர் என்பதால் குண்டு வந்தது என்பவர்களுக்கு, அதே பற்றுள்ள நாற்பதாயிரம் பேர் அவரை ஏன் வெளியே தள்ளினார்கள் என்பதற்குப் பதில் இல்லை. எங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று சொல்லும் ஊர்ப் பெரியவர்களுக்கும் நான் ஒன்று சொல்வேன்: 2004இலும் 2006இலும் கூட்டம் சேர்ந்து சூபிகளின் வீட்டை எரித்தபோது வாய் திறக்காமல் இருந்தது ஒரு பிழை. ஒருவனைக் காபிர் (மார்க்கத்தை மறுத்தவன்) என்று சொல்லி அடிக்கலாம் என்று பழகிய தெருவில் ஸஹ்ரானுக்கு மேடை கிடைத்தது.

அதற்குப் பிறகு ஊருக்கு என்ன ஆனது?

வீடு வீடாகச் சோதனை, கைதுகள், கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லும் துண்டுப் பிரசுரங்கள். 2019 ஏப்ரல் கடைசியில் அவசரகால விதியின் கீழ் முகத்தை மூடுவது தடை செய்யப்பட்டது, ஆகஸ்டில் அவசரகாலம் முடியும் வரை அது இருந்தது. நிகாப் அணிந்து பழகிய பெண்கள் பலர் அந்த மாதங்களில் வைத்தியசாலைக்குக்கூடப் போகாமல் வீட்டில் இருந்தார்கள்.

அப்புறம் கோவிட். 2020இல் தொற்றால் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. முஸ்லிம்களுக்கு இதைவிட வலி வேறில்லை. 2021 பெப்ரவரியில் அனுமதி வந்தது, மார்ச்சில் புதைக்கத் தொடங்கிய இடம் எங்கள் மாவட்டத்து ஓட்டமாவடி. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் மையித்துகள் அங்கே வந்தன. 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது.

பெண்கள் வெளியே வருவார்களா?

வருவார்கள். காலையில் மீரா பாலிகா பாடசாலை வாசலில் நின்றால் எத்தனை பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கலாம். ஆசிரியைகள், வைத்தியர்கள், அலுவலகங்களில் வேலை செய்பவர்கள் உண்டு. வீடு பெண்ணின் பெயரில் இருப்பதால், கணவனோடு பிணக்கு வந்தால் வெளியே போக வேண்டியவர் கணவர். இது சின்ன விஷயமில்லை.

ஆனால் சட்டம் பெண்ணின் பக்கம் இல்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி முஸ்லிம் குடும்ப வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்தில் நீதிபதியாக ஆண்தான் இருக்கலாம், கல்யாணப் பதிவில் மணமகளின் கையெழுத்து அவசியமில்லை. திருத்தம் கேட்டு முஸ்லிம் பெண்களே பல வருடங்களாகப் போராடுகிறார்கள். மார்க்கத்தின் மீது கை வைக்கிறார்கள் என்று அவர்களைத் திட்டுவது எளிது. கல்யாணத்துக்குப் பெண்ணின் சம்மதம் வேண்டும் என்று சொல்வதும் அதே மார்க்கம்தான். இந்தப் பெண்களின் பக்கம்தான் நான்.

நான் போகலாமா? என்ன கவனிக்க வேண்டும்?

தாராளமாகப் போங்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் போகும் எந்த பஸ்ஸும் ஊருக்குள்ளால்தான் போகும், இருபது நிமிடம் போதும். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், ஜும்ஆ முடியும் வரை கடை திறக்காது. மற்ற நாட்களில் தொழுகை நேரத்தில் கடைக்காரர் கதவைப் பாதி இறக்கிவிட்டுப் போயிருந்தால் கால்மணி நேரம் பொறுங்கள், வந்துவிடுவார். தோளும் முழங்காலும் மறையும் உடுப்பு போதும், தலையை மூடச் சொல்லி யாரும் கேட்பதில்லை. பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

ரமழானில் பகலில் சாப்பாட்டுக் கடை மூடியிருக்கும். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு போனால் பள்ளிவாயல் வாசலில் பிள்ளைகள் தூக்குப் பாத்திரத்தோடு கஞ்சிக்கு நிற்பார்கள். தேங்காய்ப் பாலும் ரம்பையும் இறைச்சியும் போட்ட கஞ்சி. விருந்தாளி என்று தெரிந்தால் உங்களுக்கும் ஒரு கோப்பை வரும். கல்யாண வீட்டுக்கு அழைப்புக் கிடைத்தால் விடாதீர்கள். பெரிய சஹனில் சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சி வைத்து, ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். உங்கள் பக்கத்தில் இருப்பவர் நல்ல துண்டைப் பிய்த்து உங்கள் முன்னால் தள்ளுவார். அதைத் திருப்பித் தள்ளக் கூடாது. கடைசியில் வட்டிலப்பம்.

பூர்வீக நூதனசாலை பார்க்க வேண்டிய இடம். இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை ஆளுயர உருவங்களாகவும் பழைய புழங்கு பொருட்களாகவும் வைத்திருக்கிறார்கள். மீராப் பள்ளிக்குப் போவதென்றால் தொழுகை இல்லாத நேரம் பார்த்து, வாசலில் இருப்பவரிடம் ஸலாமோ வணக்கமோ சொல்லிக் கேளுங்கள். செருப்பைக் கழற்றி, தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும் ஹவுளை (தண்ணீர்த் தொட்டியை)க் கடந்து உள்ளே கூட்டிப் போவார்கள். சுவரைக் காட்டுவார்கள். அவர்களில் சிலருக்கு அந்தச் சுவரருகே விழுந்தவர் வாப்பா அல்லது நானா, ஆகவே கேள்விகளைப் பார்த்துக் கேளுங்கள்.